எல்லைக் காட்டின் அதிகாரி

கே: அமெரிக்க ஷெரிஃப் பேட் காரெட்டைக் கொன்றது யார் என்பது இன்றும் புதிராமே? நம் பக்கம் அப்படி ஒருவர் உண்டா?
– வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

ப: உண்டு. மேட்டூரைத் தாண்டினால் போதும்.

கொள்ளையன் பில்லி த கிட்டைச் சுட்ட காரெட், 1908 பிப்ரவரி 29 அன்று நியூ மெக்சிகோவில் சுடப்பட்டார். சுட்டதாக ஒப்புக்கொண்டவரை நீதிமன்றம் விடுவித்தது. கொலையாளி யார் என்ற சர்ச்சை ஓயவில்லை.

நம் எல்லைக்காட்டின் காவலர், கர்நாடக வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ். ராஜமுந்திரியில் பிறந்தவர். 1986இல் கடத்தல்காரன் வீரப்பன் பிடிபட்டபோது அந்த வேட்டையில் இருந்தவர். வீரப்பனோ பின்னர் தப்பிவிட்டான். அதன்பின் சீனிவாஸ் துப்பாக்கியை மட்டும் நம்பவில்லை. வீரப்பனின் ஊரான கோபிநத்தத்திலேயே தங்கினார். வீடுகள் கட்ட உதவினார், மருத்துவ வசதி செய்தார், மாரியம்மன் கோயில் எழுப்பினார். கடத்தல்காரனின் ஆட்கள் பலர் சரணடைந்தது இதனால்தான்.

1991 நவம்பர் 10. வீரப்பன் சரணடையப்போவதாக வந்த செய்தியை நம்பி, ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்தார். வீரப்பன் கும்பல் அவரைச் சுட்டு, தலையையும் வெட்டியது. மறு ஆண்டு கீர்த்தி சக்ரா விருது வழங்கப்பட்டது.

கொன்றவன் யாரென்பதில் இங்கே புதிர் இல்லை. ஆனால், 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே சுடப்படும்வரை வீரப்பன் இந்தக் கொலைக்காகக் கூண்டில் ஏறவேயில்லை.

கொளத்தூர், பாலாறு வழியாக ஒருமுறை கோபிநத்தம் போய்வாருங்கள். ஊர்மக்கள் சீனிவாஸை இன்றும் மறக்கவில்லை.