ஆங்கிலப் பேச்சுத் தேர்வு: உங்களுக்கு எது பொருந்தும்?

வன்னியம்பட்டியிலிருந்து ராஜபாளையத்துக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ பஸ் ஏறிப் போய்ப் படித்து, நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ முடித்து, வெளிநாட்டு வேலைக்கு முயலும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வாசிப்பதும் எழுதுவதும் ஓரளவு கைவந்திருக்கும். பேச்சுத் தேர்வு என்றதும் தொண்டை அடைக்கும். பயம் போனபிறகு தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்று தள்ளிப்போட்டால் வருடங்கள்தான் போகும். பேசப் பேசத்தான் பயம் குறையும்.

ஆனால் எல்லோருடைய பயமும் ஒன்றல்ல. சிலருக்கு எதிரே ஆள் உட்கார்ந்தால் நடுக்கம். சிலருக்குத் தெரியாத தலைப்பு வந்தால் திகைப்பு. சிலருக்கு மைக்கைப் பார்த்ததும் வாய் கட்டிவிடும். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். தேர்வையும் பயிற்சியையும் அதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதல் கேள்வி: எதை ஏற்கிறார்கள்?

போகப்போகும் நாடும் நிறுவனமும் எந்தத் தேர்வை ஏற்கின்றன என்பதை அவர்களின் இணையதளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். உதாரணமாக, பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஐஇஎல்டிஎஸ்ஸையும் ஓஇடியையும் ஏற்கிறது. ஓஇடியை அது ஏற்கத் தொடங்கியது 2017 நவம்பரில். பேச்சுப் பகுதிக்கு ஐஇஎல்டிஎஸ்ஸில் 7 அல்லது ஓஇடியில் பி கிரேடு வேண்டும்.

மூன்று தேர்வுகள்

ஐஇஎல்டிஎஸ்: தேர்வாளருடன் 11 முதல் 14 நிமிடம் பேச்சு. முதலில் ஊர், வீடு, படிப்பு பற்றிச் சின்னக் கேள்விகள். அடுத்து தலைப்பு எழுதிய ஒரு கார்டு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். கடைசியில் அதையொட்டிய விவாதம். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு நான்குக்கும் சம மதிப்பு. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச வேண்டியதில்லை, புரியும்படி பேசினால் போதும். உங்கள் கருத்து சரியா தவறா என்பதற்கு மார்க் இல்லை. நேரம் முடிந்தால் தேர்வாளர் இடைமறிப்பார். தப்பாகப் பேசிவிட்டோம் என்று கலங்காதீர்கள். மனிதரோடு பேசினால் தெம்பு வருகிறவர்களுக்கு இது நல்லது.

ஓஇடி: மருத்துவத் துறையினருக்கு மட்டும். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது அவருடைய உறவினர். இப்படி இரண்டு காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம் தயாராகி, ஏறக்குறைய 5 நிமிடம் பேச வேண்டும். உங்களோடு பேசுபவர் மார்க் போடுவதில்லை; பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுகிறார்கள். நோயாளியின் கவலையைக் கேட்டறிவதற்கும் மார்க் உண்டு. கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம். ஆனாலும், தெரியாத தலைப்புக்கு அஞ்சும் நர்சுக்கு இதுவே ஏற்றது. வார்டில் தினமும் செய்த வேலையைத்தான் பேசப்போகிறார்.

பிடிஇ: எதிரில் ஆள் கிடையாது, ஹெட்செட்டும் கணினியும்தான். வாசித்துக் காட்டுவது, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, படத்தை விவரிப்பது எனத் துண்டு துண்டான வேலைகள். முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் மூன்று விநாடி பேசாமல் இருந்தால் பதிவு நின்றுவிடும். அதே அறையில் பக்கத்தில் இருப்பவர்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். தயங்கித் தயங்கிப் பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கடினம்.

பயிற்சியை எங்கே பெறுவது?

கோச்சிங் சென்டரில் சேருமுன் ஒன்று கேளுங்கள்: ஒரு வகுப்பில் நான் எத்தனை நிமிடம் பேசுவேன்? ஒரு மணி நேரத்தில் இருபது பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூடத் தேறாது. விளம்பரத்தில் போடும் பேண்ட் ஸ்கோரைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

செல்போனில் பதிவு செய்து கேட்பதற்குச் செலவில்லை. பிடிஇக்கு இதுவே சிறந்த பயிற்சி. மற்ற இரண்டுக்கும் இது பாதிதான், ஏனென்றால் செல்போன் குறுக்குக் கேள்வி கேட்காது.

அதற்குத் தேவை ஒரு துணை. அதே தேர்வுக்குப் படிக்கும் அக்காவோ தோழியோ போதும். இலக்கணப் பிழை அப்படியே நிற்கலாம். ஆனால் கூச்சம் குறையும், கேள்விக்கு உடனே பதில் சொல்லும் பழக்கம் வரும். பிழையைத் திருத்த, தேர்வு நெருங்கும்போது நல்ல ஆசிரியரிடம் இரண்டு மூன்று மாக் டெஸ்ட் எடுங்கள்.

மனப்பாடம் வேண்டாம்

மனப்பாடமாகச் சொல்வதைத் தேர்வாளர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள். உணவு பற்றிக் கேட்டால், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. திருவிழா என்றால் ஆடிப்பூரத் தேரோட்டம். விலங்கு என்றால் 2005இல் அஞ்சல்தலையில் வந்த ராஜபாளையம் நாய். தொழில் என்றால் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி. லண்டனைப் பற்றிப் பேசத் திணறுகிற வாய், கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது தானாக ஓடும்.

எப்போது பணம் கட்டலாம்?

தேவையான ஸ்கோர் மூன்று மாக் டெஸ்டில் தொடர்ந்து வந்தால் தேதி எடுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் இன்னும் சில வாரம் பொறுங்கள். கட்டணம் சிறிய தொகை அல்ல, அவசரப்பட்டு அதை இழக்க வேண்டாம். ஆனால் மூன்றிலும் வந்தபிறகும் மனம் தயங்கினால், காத்திருக்காதீர்கள். அந்த மிச்சப் பயம் தேர்வறைக்குள் பேசத் தொடங்கிய பிறகுதான் போகும்.