முதலாண்டு எம்.பி.பி.எஸ்.: வகுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

எம்.பி.பி.எஸ். இடம் ஒதுக்கப்பட்ட நாளுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே தமிழ்நாட்டு மாணவருக்குக் கிடைப்பவை சில வாரங்களே. பிந்தைய சுற்றுகளில் இடம் பெறுவோருக்குச் சில நாள்கள்தான். கலந்தாய்வு பெரும்பாலும் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நீள்கிறது. அது முடியும் முன்பே வகுப்புகள் தொடங்கிவிடுவதும் உண்டு. இந்த இடைவெளியில் பலரும் உடற்கூறியல் புத்தகம் ஒன்றை வாங்கி முதல் அத்தியாயத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூன்று பெரும் பாடங்களை முடிக்க வேண்டியிருப்பதால், வகுப்பு தொடங்கிய பின் ஒரு நாளை இழப்பதும் பெரிய இழப்பு. அந்த நாள்களைப் பறிக்கக்கூடிய தடைகள் சான்றிதழிலும் பணத்திலும் உடல்நலத்திலும் மொழியிலும் எழுத்துப் பழக்கத்திலும் இருக்கின்றன. அவற்றை இப்போதே நீக்கிவைப்பதுதான் சரியான தயாரிப்பு.

சான்றிதழ்களும் சேர்க்கையும்

ஒதுக்கீட்டு ஆணையில் குறித்த கடைசி நாளுக்குள் கல்லூரியில் நேரில் சேர வேண்டும். நீட் நுழைவுச்சீட்டு, மதிப்பெண் அட்டை, ஒதுக்கீட்டு ஆணை, 10, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், 6 முதல் 12 வரை படித்த பள்ளிகளின் சான்று, ஆதார் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். சலுகைகளுக்கு ஏற்ப வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவையும் தேவைப்படலாம். இவற்றில் விடுபட்டவற்றுக்கு இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பிக்க வேண்டும்; வட்டாட்சியர் அலுவலக ஒப்புதலுக்கு நாளாகும். பெயரின் எழுத்துக்கூட்டலும் முதலெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

சேர்ந்ததும் அசல் சான்றிதழ்கள் கல்லூரி அலுவலகத்தில் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பல நகல்கள் எடுத்து, சிலவற்றில் சான்றொப்பம் பெற்று, ஸ்கேன் செய்த கோப்புகளையும் பத்திரப்படுத்த வேண்டும். உதவித்தொகை, வங்கிக் கணக்கு, விடுதி என ஒவ்வோர் அலுவலகமும் அவற்றைக் கேட்கும். படிப்பைப் பாதியில் விட்டால் செலுத்த வேண்டிய தொகை பற்றிய உறுதிப் பத்திரத்தை முழுதும் படித்த பிறகே பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட வேண்டும்.

தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் கலந்தாய்வு வழியாகவே நிரப்பப்படுகின்றன. இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகருக்குப் பணம் கொடுத்தால் அது திரும்பி வராது. நன்கொடை வசூலைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது. கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குவது மாணவரின் உரிமை.

கட்டணமும் உதவித்தொகையும்

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் கீழ் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் உள்ளிட்டவற்றை அரசே ஏற்கிறது. கல்லூரி அலுவலகம் அறியாமல் கட்டணம் கேட்டால், தேர்வுக்குழுவின் ஒதுக்கீட்டு ஆணையைக் காட்டி விளக்கம் பெறலாம். மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. தகுதியுள்ளவர்கள் இவற்றுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைக்கும் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

உதவித்தொகை ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கில்தான் வரும். பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்குகள் பயன்பாடின்றி முடங்கியிருக்கும். அலைபேசி எண்ணும் மாறியிருக்கும். ஊரில் இருக்கும்போதே வங்கிக்குப் போய் இதைச் சரிசெய்துவிட்டால், பிறகு வகுப்பை விட்டு ஊருக்கு ஓட வேண்டியிருக்காது.

தடுப்பூசியும் உடல்நலமும்

மருத்துவ மாணவருக்கு மிகத் தேவையானது ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி. ரத்தத்தின் வழியே பரவும் இந்நோய்க்கு 0, 1, 6 என்ற மாதக் கணக்கில் மூன்று தவணை போடப்படுகிறது. மூன்றாம் தவணை முடிய ஆறு மாதம் ஆவதால், முதல் ஊசியை இப்போதே போட்டுக்கொண்டால்தான் வார்டுகளில் நோயாளிகளுடன் பழகும் காலத்துக்குள் பாதுகாப்பு முழுமையடையும். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைச் சோதிக்கலாம். மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகும் அதற்கு மேலும் இருந்தால் போதிய பாதுகாப்பு உண்டு. குழந்தைப் பருவத்தில் ஊசி போட்டிருந்தால் தடுப்பூசி அட்டையை மருத்துவரிடம் காட்டி முடிவு செய்ய வேண்டும். டெட்டனஸ் ஊக்கத் தவணை, சின்னம்மை வராதவர்களுக்கான தடுப்பூசி ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம்.

கண் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. நுண்ணோக்கியில் திசுக்களைப் பார்ப்பதும் பின்வரிசையிலிருந்து திரையைப் படிப்பதும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். பல் வலி, ரத்தசோகை போன்ற நெடுநாள் தொல்லைகளுக்கும் இது சிகிச்சைக்கான நேரம். ஓரிரு ஆண்டு நீட் பயிற்சியில் உறக்கத்தைத் தொலைத்தவர்கள் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும் பழக்கத்தை மீட்டுக்கொள்ள வேண்டும். விடுதிக்குப் போகிறவர்கள் துணி துவைக்கவும், மாதச் செலவைக் கணக்கெழுதவும், தனியாகப் பயணம் செய்யவும் பழகுவதும் இந்த வாரங்களுக்குரிய வேலைதான்.

வாங்க வேண்டியவையும் காத்திருக்க வேண்டியவையும்

முதல் நாளுக்குத் தேவையானவை குறைவு: இரண்டு வெள்ளைக் கோட்டுகள், மூடிய காலணி, நோட்டுகள், வண்ணப் பென்சில்கள். உடற்கூறியல் படங்களில் தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்பது வழக்கம் என்பதால் வண்ணப் பென்சில் அன்றாடத் தேவையாகிறது. டிசெக்‌ஷன் பெட்டி, ஸ்டெதஸ்கோப் போன்றவற்றைத் துறை சொன்ன பிறகு வாங்கினால் போதும். பெரும்பாலும் குழுவாக வாங்கும்போது விலை குறையும். எலும்புத் தொகுதி சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குக் கைமாறுவது வழக்கம். துறையிலும் எலும்புகள் இருக்கும். வெளியாரிடம் வாங்க வேண்டியதில்லை.

புத்தகத்திலும் அவசரம் கூடாது. உடற்கூறியலுக்குப் பி.டி. சௌராசியா, உடலியங்கியலுக்குக் கைட்டன், செம்புலிங்கம், உயிர்வேதியியலுக்கு வாசுதேவன், சத்தியநாராயணா என மாணவரிடையே புழங்கும் நூல்கள் பல. ஒரு பாடத்துக்கு ஒரு முதன்மை நூல் போதும். எது என்பதை முதல் இரண்டு வாரம் வகுப்பைக் கவனித்து, நூலகத்தில் புரட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். அதன் அண்மைப் பதிப்பா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டத்தை நிரப்புவதிலிருந்து எழுதுவதற்கு

நீட் தேர்வு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்குகிறது. எம்.பி.பி.எஸ். முதலாண்டுத் தேர்வு கேட்பது வேறு திறன். ஒவ்வொரு பாடத்திலும் 100 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். அவற்றில் நெடுவினா, சிறுவினா, படம் எல்லாம் வரும். செய்முறைத் தேர்வில் பொருளைக் கண்டு அடையாளம் சொல்லும் ஸ்பாட்டர், தேர்வாளர் எதிரே நின்று விடை சொல்லும் வைவா ஆகியவை உண்டு. விடையைக் கண்டால் தெரியும் என்ற நிலையில் இருப்பவருக்கு வெற்றுத்தாளில் எழுதும்போது வார்த்தை வராது. பள்ளியில் முதல் மதிப்பெண் பெற்றவர்களும் முதல் உள்தேர்வில் தடுமாறுவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். புதுப் பாடம் தேவையில்லை. பிளஸ் டூ உயிரியலில் தெரிந்த ஒரு தலைப்பை, இதயத்தின் அமைப்பையோ நெஃப்ரானின் செயலையோ எடுத்துக்கொண்டு, புத்தகத்தை மூடி ஒரு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். வரையறை, அமைப்பு, செயல், மருத்துவப் பயன் என்று தலைப்பிட்டு எழுதினால் விடை ஒழுங்காக அமையும். பக்கத்தில் படம் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். பிறகு அதையே வீட்டில் ஒருவருக்கு வாய்விட்டு விளக்க வேண்டும். நாளுக்கு ஒரு தலைப்பு போதும். வகுப்பு தொடங்குவதற்குள் கை எழுத்துக்கும் வாய் பேச்சுக்கும் பழகிவிடும்.

மொழி

தமிழ்வழியில் படித்தவருக்கு முதல் இரண்டு மாதம் விரிவுரையின் வேகம் அச்சமூட்டலாம். மருத்துவச் சொற்கள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அவற்றைக் கட்டும் கிரேக்க, லத்தீன் வேர்கள் சில நூறுதான். ‘ஹெப்பாட்’ கல்லீரலையும் ‘நெஃப்ர்’ சிறுநீரகத்தையும் ‘ஆஸ்டியோ’ எலும்பையும் குறிக்கின்றன. ‘ஐட்டிஸ்’ அழற்சியையும் ‘எக்டமி’ அறுத்தகற்றலையும் சொல்கின்றன. ஆகவே நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி என்ற சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு சிறு நோட்டில் நாளுக்கு ஐந்து வேர்களைப் பொருளுடன் எழுதிவந்தால் முதல் மாதத்தின் பாரம் பெரிதும் குறையும். ஆங்கிலத்தில் ஒரு பத்தியை உரக்கப் படிப்பதும் அன்றாடப் பயிற்சியாக வேண்டும்.

கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவதில் குறையேதும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்திருக்கிறார். நெஞ்சு கரிக்கிறது, மூச்சு இரைக்கிறது, கிறுகிறுவென்று வருகிறது என்று நோயாளி சொல்லும்போது தமிழ்வழி மாணவரின் காது முந்திக்கொள்ளும். ஆங்கிலவழி மாணவர்களும், அகில இந்திய ஒதுக்கீட்டில் பிற மாநிலங்களிலிருந்து வருபவர்களும் இந்த வழக்குகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளத் தொடங்க வேண்டும்.

உடற்கூறு அறை

டிசெக்‌ஷன் ஹால் முதலாண்டின் மையம். அங்கே வைக்கப்பட்டிருக்கும் உடல்களில் பல, தம் இறப்புக்குப் பின் மாணவர்கள் கற்கட்டும் என்று மனமுவந்து எழுதிக்கொடுத்தவர்களுடையவை. அந்த மரியாதையோடுதான் மாணவர் உள்ளே நுழைய வேண்டும். படம் எடுப்பதும் கேலி பேசுவதும் அந்த உடலுக்கும் அதைக் கொடுத்த குடும்பத்துக்கும் செய்யும் அவமதிப்பு. படம் எடுத்தால் ஒழுங்கு நடவடிக்கையும் வரும்.

உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அங்கே கண்ணாடிக்கு மாறுவது நல்லது. காலை உணவைத் தவிர்க்காமல் போனால் மயக்கம் வருவது குறையும். முதல் நாளில் தலைசுற்றினால் உடனே சொல்லிவிட்டு உட்கார வேண்டும். அது பலருக்கும் நேர்வது, சில நாளில் சரியாகிவிடும். கையுறை அணிவது, முடியைக் கட்டிக்கொள்வது, வெளியே வந்ததும் சோப்பால் கை கழுவுவது ஆகியவை முதல் நாளிலிருந்தே பழக்கமாக வேண்டும். மறுநாள் அறுக்கவிருக்கும் பகுதியை முந்தைய இரவு அரைமணி நேரம் அட்லஸில் பார்த்துப் போகும் மாணவர், மேசையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் கத்தியைக் கையில் எடுப்பவராக இருப்பார். நரம்பையும் தமனியையும் தொட்டுப் பிரித்தவருக்கு அவை மறப்பதில்லை.

முதல் வாரங்களும் வருகைப்பதிவும்

தொடக்கத்தில் நடக்கும் அறிமுகப் பயிற்சி 2019-இல் வந்த புதிய பாடத்திட்டத்தின் பகுதி. முதலுதவி, கணினி, மொழி, மருத்துவ அறம், மருத்துவமனை அறிமுகம் ஆகியவை அதில் அடங்கும். தேர்வு இல்லையென்று அதைத் தவிர்க்கக் கூடாது. கல்லூரியின் வழிகளும் ஆசிரியர்களும் அறிமுகமாவது அப்போதுதான். சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் முதலாண்டிலேயே தொடங்குகிறது.

பல்கலைக்கழகத் தேர்வு எழுத விரிவுரையில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். திருவிழாக்களுக்கும் உறவினர் விசேஷங்களுக்கும் ஊருக்கு வரும் நாள்களைப் பெற்றோரும் மாணவரும் இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு முடிவு செய்ய வேண்டும். லாக் புக், ரெக்கார்டு இரண்டையும் அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

ராகிங்கும் மனநலமும்

1996-இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங்குக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தொல்லை நேர்ந்தால் விடுதிக் காப்பாளரிடமோ முதல்வரிடமோ அன்றே சொல்ல வேண்டும். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணையும் இப்போதே அலைபேசியில் சேமிக்கலாம். உறக்கமின்மை, தொடர்ந்த அழுகை, வாழப் பிடிக்காத எண்ணம் ஆகியவை வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். கல்லூரியின் மனநல மருத்துவத் துறையும் மாணவருக்குத் திறந்ததே.

முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறைந்தால், அந்த வாரமே விடைத்தாளுடன் ஆசிரியரைப் பார்த்து எங்கே தவறியது என்று கேட்க வேண்டும். முதலாண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புகளுக்கு மேல் இல்லை. பின்தங்கியதை முதல் இரண்டு மாதத்தில் சொல்லி உதவி பெறுபவர்களுக்கு அந்த வரம்பு பற்றிக் கவலைப்பட வேண்டி வருவதில்லை.