பில் போடும் கம்ப்யூட்டர் நடுவில் நின்றுபோனால்

கம்ப்யூட்டர் அடியோடு ஓடாமல் போவது ஒரு வகைக் கோளாறு. ஓடிக்கொண்டே இருந்து, பாதி பில்லில் சிலைபோல் நின்றுவிடுவது இன்னொரு வகை. முதல் வகையை மெக்கானிக் வந்து பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். இரண்டாவது வகையில், அவர் உட்கார்ந்திருக்கும் வரை அது நல்ல பிள்ளையாக ஓடும். அவர் தெருமுனை திரும்பியதும் நிற்கும். 'ஹேங்க் ஆகிறது' என்று நாம் சொல்லும் இந்த வியாதி காரணமில்லாமல் வருவதுபோல் தோன்றினாலும், காரணமில்லாமல் வருவதே இல்லை. அதைக் கண்டுபிடிக்க என்ஜினீயர் படிப்பு வேண்டியதில்லை. கடன் நோட்டு எழுதத் தெரிந்த பொறுமை போதும்.

எதற்கும் முன்னால் கணக்கைக் காப்பாற்ற வேண்டும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வரிக் கணக்கையாவது ஆடிட்டரிடம் உள்ளதைக் கொண்டு ஓரளவு சேர்த்துவிடலாம். வாடிக்கையாளரின் கடன் பாக்கியை யாரிடம் போய்க் கேட்பது? நமக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், அடிக்கடி நிற்கிறது என்று கம்ப்யூட்டரை ஆளிடம் ஒப்படைத்தார். அவர் எதையும் கேட்காமல் ஃபார்மட் அடித்துக் கொடுத்துவிட்டார். மூன்று மாதப் பற்று வரவு போயிற்று. அதன் பிறகும் கம்ப்யூட்டர் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஆகவே, டாலியோ வேறு எந்த பில்லிங் சாஃப்ட்வேரோ, அதிலுள்ள பேக்கப் வசதி மூலம் இரண்டு பென் டிரைவில் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைப்பது நலம். எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால்தான் அது பிரதி. திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத நோட்டுக்கட்டு மாதிரி.

அடுத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு போடுங்கள். நின்ற தேதி, மணி, அப்போது என்ன வேலை நடந்தது, கரண்ட் போய் வந்ததா, எந்த மெஷின் ஓடிற்று என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதினால் போதும். பத்து வரி சேர்வதற்குள் பெரும்பாலும் விஷயம் வெளியே வந்துவிடும். காலையில் நன்றாக ஓடி, மதியத்துக்கு மேல் நின்றால் உஷ்ணத்தைச் சந்தேகிக்கலாம். குறிப்பிட்ட ஒரு மெஷின் போடும்போது நின்றால் மின்சாரம். பழைய பில்லைத் தேடும்போது நின்றால் ஹார்ட் டிஸ்க். நேரமும் காலமும் இல்லாமல் நின்றால் ரேம். இது ஜோசியம் அல்ல என்றாலும் முடிந்த தீர்ப்பும் அல்ல; தேடுவதற்கு ஒரு திசை கிடைக்கும்.

நின்றவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் பழக்கத்தைக் கடைப் பையன்களிடமிருந்து மாற்ற வேண்டும். அப்படி அணைத்தால் பாதி எழுதிய கணக்கு கெட்டுப்போகலாம். முதலில் கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறது, புரோகிராம் மட்டும் திணறுகிறது என்று கொள்ளலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எது 100 சதவீதத்தில் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு நிமிடம் பொறுங்கள். விளக்கு அசையவே இல்லை என்றால்தான் பவர் பட்டன்.

மேலே சொன்ன மளிகைக் கடைக்கு வருவோம். பிறகு நோட்டு போட்டுப் பார்த்ததில், கம்ப்யூட்டர் நின்றதெல்லாம் ஐஸ்கிரீம் ஃப்ரீசரின் கம்ப்ரஸர் கிளம்பும் நேரம் என்று தெரிந்தது. இரண்டும் ஒரே லைன். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரியும், யு.பி.எஸ். உடனே பாட்டரிக்கு மாறும். பாட்டரி செத்திருந்தால் கம்ப்யூட்டர் தடுமாறும். சில நேரம் தானே அணைந்து கிளம்பும், சில நேரம் உறைந்து நிற்கும். சிறிய யு.பி.எஸ். பாட்டரியின் ஆயுள் இரண்டு மூன்று வருஷம்தான். நம்மில் பலர் பச்சை விளக்கு எரிகிறது என்று ஆறு வருஷம் ஓட்டுகிறோம். கடை மூடும் நேரத்தில் எல்லாக் கணக்கையும் மூடிவிட்டு, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை என்றால் பாட்டரி மாற்ற வேண்டும். லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டக் கூடாது. அது சூடேறும் போதெல்லாம் ஏராளமான கரண்ட்டை இழுக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பதும் அவசியம்.

அடுத்தது தூசி. ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் நம் கம்ப்யூட்டருக்கும் இதில்தான் வித்தியாசம். மிளகாய் மண்டியிலும் மாவு மூட்டை அடுக்கிய கடையிலும் அது நாள் முழுவதும் தூசியையே மூச்சாக இழுக்கிறது. உள்ளே ப்ராசஸர் மேலுள்ள ஃபேனிலும் தகட்டிலும் அந்தத் தூசி கம்பளிபோல் படியும். சாதாரண வேலையில் 50, 60 டிகிரியில் இருக்க வேண்டியது 90-ஐத் தாண்டினால், ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மேலும் ஏறினால் கம்ப்யூட்டர் நிற்கும் அல்லது அணையும். வயரைக் கழற்றி, வாசலுக்குக் கொண்டுபோய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு, மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கலாம். புளோயர் வைத்தால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பஞ்சர் கடைக் காற்று வேண்டாம். அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். தூசி எடுத்தும் சூடு இறங்கவில்லை என்றால், ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அதை மெக்கானிக்கே பூசட்டும். மூட்டையை ஒட்டியும் சுவரை ஒட்டியும் பெட்டியை வைக்காமல், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

ரேம் பலகையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினால் சரியாகிவிடுவதும் உண்டு. தொடுமுன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு பலகை இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டி ஒவ்வொரு நாள் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையும் இருக்கிறது. இரவில் போட்டுவிட்டுப் போகலாம்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. அரை நிமிடம் நின்று பிறகு தானே ஓடுவது, 'டக் டக்' என்ற சத்தம், ஃபைல் திறக்க நேரமாவது ஆகியவை அதன் அறிகுறிகள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராம் டிஸ்க் நல்லதா, கவலைக்கிடமா என்று நிறத்தாலேயே காட்டும். மஞ்சள் காட்டினால் அன்றே பிரதி எடுத்து, புதிய எஸ்.எஸ்.டி. வாங்கிவிடுங்கள். அந்த டிஸ்க்கைப் பழுது பார்க்கிறேன் என்று மணிக்கணக்காக ஓட்டுவது, உள்ள கணக்கையும் சேர்த்து அழிக்கும் வழி.

சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். சி டிரைவில் இடம் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஹேங்க் ஆவதற்கு அது காரணமில்லை என்றாலும், இந்தக் கம்ப்யூட்டருக்கு இனிச் செலவழிக்கலாமா என்று முடிவு செய்ய உதவும்.

எதையும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும். ரேம், பாட்டரி, டிஸ்க் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசி வரை தெரியாது; மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்போம். எதுவும் பிடிபடவில்லை என்றால், ஒரு விடுமுறை நாளில் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். வீட்டில் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால், மெக்கானிக்குக்கு முன்னால் கடையின் மின்சாரத்தையும் உஷ்ணத்தையும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது நோட்டை முதலில் அவர் கையில் கொடுங்கள். நல்ல மெக்கானிக் அதைப் படிப்பார். படிக்காமலே ஃபார்மட் அடிக்கலாம் என்பவரிடம், கழற்றிய பழைய டிஸ்க்கையும் விட்டுவிடாதீர்கள். நம் வாடிக்கையாளர்களின் பாக்கியும் கொள்முதல் விலையும் அதில்தான் இருக்கின்றன.