போர்டில் மான்டிசோரி, உள்ளே என்ன?

ஆற்காடு சாலையை விட்டு குமரன் காலனிப் பக்கமோ சாலிகிராமம் பக்கமோ உள்ளே திரும்பினால், ஏதாவது ஒரு தெருவில் மாடி வீட்டின் தரைத்தளத்தைக் கிரில் போட்டு அடைத்து, சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்து ஒரு மழலையர் பள்ளி இருக்கும். பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ‘மான்டிசோரி’ என்று போர்டு சொல்லும். விஜயதசமி வந்தால் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று கீழே ஒரு பேனரும் சேர்ந்துகொள்ளும். வடபழனி ஆண்டவர் சன்னிதியில் நெல்லில் ‘அ’ எழுதவைத்த கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கு, அந்தப் பெயரைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம். பாதி பக்கத்து ஃபிளாட்டில் கேட்டது, மீதி பெரிய நாத்தனார் சொன்னது. அவற்றில் அடிக்கடி காதில் விழும் சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

“போர்டு இருக்கே, அப்புறம் என்ன?”

போர்டை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். மான்டிசோரி என்ற பெயருக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. அமெரிக்காவில் இந்தப் பெயருக்காகவே வழக்கு நடந்து, இது ஒரு கல்வி முறையைக் குறிக்கும் பொதுப்பெயர், எவரும் தனியுரிமை கோர முடியாது என்று வணிகக்குறி வாரியம் 1967-இல் சொல்லிவிட்டது. இங்கேயும் ஒரு தெருவில் இரண்டு போர்டு தொங்கினால் கேட்பாரில்லை. தமிழ்நாடு அரசு 2015-இல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென விதித்தொகுப்பு ஒன்று கொண்டுவந்தது. அதன்படி அனுமதி பெற்றிருக்கிறார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அந்த அனுமதிக்கும் கற்பிக்கும் முறைக்கும் சம்பந்தமில்லை.

முறையைத் தெரிந்துகொள்ள எளிய வழி, காலை நேர அட்டவணையைக் கேட்பது. ஒன்பது முதல் ஒன்பதரை ரைம்ஸ், அப்புறம் இங்கிலீஷ், அப்புறம் நம்பர்ஸ் என்று அரை மணிக்கொரு கட்டம் போட்டு நீட்டினால், அது வழக்கமான நர்சரிதான். அலமாரியில் மரச்சாமான்கள் அழகாக அடுக்கியிருந்தாலும் அப்படித்தான். மான்டிசோரி வகுப்பில் காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் எந்த மணியும் அடிக்காது.

இதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகள் வந்ததும் கை பழகிய சுலபமான வேலைகளை எடுப்பார்கள். ஒரு மணி நேரம் போனதும் வகுப்பில் சலசலப்பு கிளம்பும். ஒருவன் எழுந்து சும்மா சுற்றுவான், ஒருத்தி தோழியின் பின்னலைப் பிடித்து இழுப்பாள். பார்க்கிறவர்களுக்கு, பிள்ளைகள் களைத்துவிட்டார்கள், வெளியே விட்டால் தேவலை என்று தோன்றும். இந்த முறையை உருவாக்கிய மரியா மான்டிசோரி இதை உட்கார்ந்து கவனித்து, இது பொய்க் களைப்பு என்று எழுதினார். ஆசிரியை கொஞ்சம் பொறுத்தால் சலசலப்பு தானாக அடங்கும். அதன் பிறகு பிள்ளைகள் எடுப்பதுதான் அன்றைய கடினமான வேலையாக இருக்கும், அதில் ஆழ்ந்தும் போவார்கள். வடபழனியில் நான் பார்த்த பல பள்ளிகளில் சரியாக அந்த நேரத்தில்தான் ஸ்நாக்ஸ் பெல் அடிக்கிறது.

“இஷ்டத்துக்கு ஆடவிட்டுடுவாங்க, ஒழுங்கே வராது”

இந்த ஒரு நம்பிக்கைதான் அதிகப் பேரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. ஒரு நான்கு வயதுக்காரி தண்ணீர் ஊற்றும் வேலையை எடுப்பதை அருகிலிருந்து பார்த்தால் போதும். முதலில் சுருட்டி வைத்த பாயை எடுத்து வந்து விரிக்க வேண்டும். தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வர வேண்டும். தட்டில் இரண்டு சின்னக் குவளை, ஒரு ஸ்பாஞ்ச். வலது குவளையிலிருந்து இடதுக்கு, இடதிலிருந்து வலதுக்கு. குவளை கண்ணாடியோ பீங்கானோதான், பிளாஸ்டிக் கிடையாது. போட்டால் உடையும் என்று தெரிவதால்தான் பிடி இறுகுகிறது. கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்து, விளிம்பைத் தொட்டு நிறுத்துவாள். பாயில் சிந்தியதை ஸ்பாஞ்சால் ஒற்றிப் பிழிந்து, தட்டை எடுத்த இடத்திலேயே வைத்து, பாயை நுனி பிசகாமல் சுருட்டிச் சாய்த்து வைத்த பிறகுதான் அந்த வேலை முடிந்ததாகக் கணக்கு. நடுவில் “ஆன்ட்டி, பாருங்களேன்” என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்றால் அந்த வகுப்பு நன்றாக நடக்கிறது என்று நம்பலாம்.

அவளுக்குக் கிடைத்த சுதந்திரம் எது? எந்த வேலை, எவ்வளவு நேரம், எத்தனை தரம் என்பதெல்லாம் அவள் முடிவு. ஆனால் ஆசிரியை ஏற்கெனவே செய்து காட்டிய பொருளைத்தான் எடுக்கலாம். அடுத்தவர் பாயை மிதிக்கக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். ஒவ்வொரு பொருளும் வகுப்பில் ஒன்றே ஒன்று. இளஞ்சிவப்புக் கோபுரத்தின் 10 கட்டைகளை, 1 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டர் வரை, இன்னொருவன் அடுக்கிக்கொண்டிருந்தால் அவன் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று வயதில் காத்திருப்பதைவிடப் பெரிய ஒழுங்கு வேறு என்ன கேட்கிறீர்கள்?

ஸ்டார் ஒட்டுவது, “குட் கேர்ள்”, கைதட்டல் எதுவும் இங்கே கிடையாது. பல அம்மாக்களுக்கு இது குறையாகவே படுகிறது. உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையில் 10 உருளைக்கு 10 குழி. ஒன்றைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஒரு உருளை எதிலும் சேராமல் கையில் நிற்கும். தப்பு எங்கே என்று பிள்ளையே தேடும். அந்த இடத்தில் ஆசிரியை புகுந்து பாராட்டினாலும் திருத்தினாலும், பிள்ளையின் கண் கட்டையை விட்டு அவர் முகத்துக்குப் போய்விடும்.

“வெளிநாட்டுச் சரக்கு, பணக்காரங்க சமாச்சாரம்”

முதல் பள்ளி 1907 ஜனவரி 6-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில், கூலித் தொழிலாளிகள் குடியிருந்த அடுக்ககத்தில் திறந்தது. பெற்றோர் வேலைக்குப் போன நேரத்தில் பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் நாசம் செய்கிறார்கள் என்று கட்டட முதலாளிகள்தான் ஓர் அறையை ஒதுக்கினார்கள். பிள்ளைகள் சுமார் ஐம்பது பேர். ஃபீஸ் கிடையாது.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை அடையாற்றில் இருக்கிறது. தியசாபிகல் சொசைட்டியின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, 1939 நவம்பரில் மரியா மான்டிசோரி மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. ஆல்காட் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் போட்டு, இந்தியா முழுவதிலிருந்தும் வந்த சுமார் 300 பேருக்குப் பயிற்சி நடந்தது. சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. எதிரி நாட்டுக் குடிமகன் என்று மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள், அம்மாவை சொசைட்டி வளாகத்தை விட்டு வெளியே போகாமல் கட்டுப்படுத்தினார்கள். அந்த ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாவது பிறந்த நாள். பரிசாக மகனை அனுப்பிவைத்தார் வைஸ்ராய். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து பள்ளி நடத்தி, 1946-இல்தான் ஊர் திரும்பினார். அடுத்த வருடமே மறுபடி வந்து 1949 வரை இங்கே இருந்தார். அவருடைய ‘தி அப்சார்பென்ட் மைண்ட்’ நூல் முதலில் அச்சானது அடையாற்றில், 1949-இல். சரக்கு வெளிநாடுதான், ஆனால் பாதி இங்கே பக்குவப்பட்டது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றிலும் மான்டிசோரி வகுப்புகள் நடக்கின்றன. 2019-இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது தமிழ்நாடு அரசும் இந்தப் பெயரைத்தான் சொன்னது. தனியார் பள்ளிகளில் ஃபீஸ் அதிகம் என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் எவ்வளவு பயிற்சி பெற்ற ஆசிரியைக்குப் போகிறது என்று கேளுங்கள். “எங்க மெட்டீரியல்ஸ் எல்லாம் இம்போர்ட்டட்” என்பதையே முதல் வரியாகச் சொல்லும் பள்ளியில் நான் கொஞ்சம் தயங்குவேன். துவரம்பருப்பைக் கரண்டியால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலைக்கு எதை இறக்குமதி செய்ய வேண்டும்?

“எழுதவே சொல்லித்தர மாட்டாங்க, பெரிய ஸ்கூல் இன்டர்வியூல திணறும்”

நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதி வராது, அதுவரை சரி. ஆனால் எழுத்து இங்கே விரலில் ஆரம்பிக்கிறது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தை, எழுதும் திசையிலேயே இரண்டு விரலால் தடவி, கூடவே அதன் ஒலியைச் சொல்வார்கள். தமிழுக்கும் இப்படி அட்டைகள் உண்டு. நெல்லில் விரல் பிடித்து எழுதவைக்கும் நமக்கும், மணலில் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளிக்கூடத் தாத்தாக்களுக்கும் இதில் புதுசாக ஒன்றும் இல்லை. பென்சில் பிடிக்கும் விரல்கள் அதற்குள் உருளைக் கட்டையின் குமிழிலும் பட்டன் சட்டத்திலும் பலப்பட்டிருக்கும். கணக்கும் அப்படித்தான். ஒரு மணி, 10 கோத்த கம்பி, 100-க்கு ஒரு சதுரம், 1000-க்கு ஒரு கனசதுரம். ஆயிரத்தைக் கையில் தூக்கி அதன் கனத்தை உணர்ந்த பிள்ளைக்கு நான்கு இலக்க எண் வெறும் கோடாகத் தெரியாது.

2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஏஞ்சலின் லில்லார்டும் நிக்கோல் எல்ஸ்-க்வெஸ்டும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓர் அரசு மான்டிசோரிப் பள்ளிக்குக் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும், அதே குலுக்கலில் கிடைக்காமல் போன பிள்ளைகளையும் ஒப்பிட்டது அது. ஐந்து வயதில் எழுத்தை அடையாளம் காண்பதிலும் கணக்கிலும் மான்டிசோரிப் பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள். ஆய்வு சிறியது, அதைப் பிடித்துக்கொண்டு ஆகாயத்தில் பறக்க வேண்டாம். பின்தங்கிவிடும் என்ற பயத்துக்கு அது பதில், அவ்வளவுதான்.

இன்டர்வியூ விஷயம் வேறு. பள்ளிச் சேர்க்கையில் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி என்பதால், எல்.கே.ஜி. வாசலில் ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்ற பெயரில் அது தொடர்கிறது. என் வருத்தம் இன்னொன்று. மான்டிசோரி வகுப்பு மூன்று வருடக் கணக்கில் அமைந்தது. மூன்று வயதுப் பிள்ளை பார்த்துக் கற்கும், ஐந்து வயதில் சின்னவர்களுக்குச் சொல்லித்தரும், கற்றது அப்போதுதான் கெட்டிப்படும். நம் ஊரில் இரண்டரை வயதில் சேர்த்து, மூன்றரையில் பெரிய ஸ்கூலில் சீட் கிடைத்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறோம். இது அடுப்பில் வைத்த சாதத்தை அரை வேக்காட்டில் இறக்கிவிட்டு அரிசியைக் குறை சொல்வது.

“பெரிய பசங்களோட உட்கார வச்சா என் பிள்ளையை அடிப்பாங்க”

ஒரே வயதுப் பிள்ளைகள் இருபது பேர் ஒரே பொம்மைக்கு மோதும் இடத்தில்தான் அடி அதிகம். கலப்பு வயதில் அண்ணன், அக்கா, தம்பி என்ற வரிசை தானாக வந்துவிடுகிறது. கூட்டுக்குடும்பம் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

“ரூல்ஸ் ரொம்ப கெடுபிடி”

ஒன்பதேகாலுக்கு கேட் பூட்டுவது, வாசலிலேயே டாட்டா சொல்லச் சொல்வது, பிறந்த நாளுக்கு சாக்லேட் வாங்காதது, ஜுரம் என்றால் திருப்பி அனுப்புவது, இவைதான் புகார். 1907-இன் முதல் பள்ளியிலேயே சுவரில் விதிகள் தொங்கின. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும், தாய் வாரம் ஒரு முறையாவது ஆசிரியையிடம் பேச வேண்டும், மீறினால் பிள்ளையை வெளியே அனுப்பவும் இடமிருந்தது. இலவசப் பள்ளிதான், ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்கவில்லை.

தாமதமாக வரும் ஒரு பிள்ளை, வேலையில் மூழ்கிய பத்துப் பேரைத் தலை நிமிர வைத்துவிடும். வாசலில் அரை மணி நேரம் நின்று கொஞ்சுவதால் அழுகை நீளுமே தவிரக் குறையாது. ஆனால் முதல் வாரத்தில் நேரத்தைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்காமல், ‘அழட்டும், சரியாயிடும்’ என்று கதவை மூடும் பள்ளியை நான் ஆதரிக்க மாட்டேன்.

ஜுர விதியில்தான் சண்டை அதிகம். “காலைல சிரப் கொடுத்துட்டேன் ஆன்ட்டி, இப்ப தொட்டுப் பாருங்க, சூடே இல்ல.” பாராசிட்டமால் வேலை செய்வது நான்கிலிருந்து ஆறு மணி நேரம். ஏழு மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் பதினொன்றரைக்குக் குறைந்துவிடும், பிள்ளை பாயிலேயே சுருண்டுவிடும், அதற்குள் ஒரே குவளையை எட்டுப் பேர் தொட்டிருப்பார்கள். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய் மழலையர் பள்ளிகளில் பரவுவதும் எச்சில், சளி, கொப்புள நீர், மலம், அவை பட்ட கையும் பொருளும் வழியாகத்தான். வழக்கமாக ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும். அதுவரை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்வதில் கெடுபிடி எங்கே இருக்கிறது? அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் யார் லீவு போடுவது என்பது நிஜமான கஷ்டம்தான். ஆனால் அதற்குத் தீர்வு பள்ளியிடம் இல்லை.

“வீட்டிலயும் இங்கிலீஷ்லயே பேசணுமாம்”

அப்படி ஒரு விதி மான்டிசோரி முறையில் கிடையாது. ஆறு வயதுக்குள் பிள்ளை சுற்றியிருக்கும் மொழியை முழுசாக உள்வாங்கும் என்பதுதான் மரியா மான்டிசோரி சொன்னது. அந்த மொழி, வீட்டில் உள்ளவர்கள் தடுமாறாமல் பேசும் மொழியாக இருந்தால் நல்லது. பாட்டியோடு தமிழில் சண்டை போடட்டும்.

“உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கவே விட மாட்டாங்க”

1915-இல் சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டுக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மான்டிசோரி வகுப்பறை சில மாதங்கள் நடந்தது. கூட்டம் வெளியே நின்று பார்த்தது, பிள்ளைகள் உள்ளே அவர்கள் பாட்டுக்கு வேலை செய்தார்கள். இன்றைக்கும் நல்ல பள்ளியில் மூலையில் ஒரு நாற்காலி போட்டு, பேசாமல், போட்டோ எடுக்காமல் அரை மணி நேரம் உட்கார அனுமதிப்பார்கள். கூட்டம் சேருவதைத்தான் தடுப்பார்கள், பார்ப்பதை அல்ல. ஆனால் பல பள்ளிகளில் அட்மிஷன் கேட்டுப் போகிறவர்களைப் பன்னிரண்டரைக்கு மேல் வரச் சொல்லி, துடைத்து வைத்த காலி வகுப்பறையைக் காட்டுவார்கள். ஒன்பதரைக்குப் போய்ப் பதினொன்று வரை உட்கார முடியுமா என்று கேளுங்கள். பத்து மணி வாக்கில் அந்தச் சலசலப்பு கிளம்பும்போது ஆசிரியை குரலை உயர்த்துகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று பாருங்கள். ஃபீஸ் எவ்வளவு என்று அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.