புதுமைப்பித்தனின் மிகுபுனைவுச் சிறுகதைகளும் விமர்சகர்தம் அளவுகோல்களும்

முன்னுரை

புதுமைப்பித்தனின் (1906–1948) படைப்பு வாழ்வில் 1943ஆம் ஆண்டு தனித்துக் குறிக்கத்தக்கது. 'காஞ்சனை', 'சாப விமோசனம்', 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஆகிய மூன்று சிறுகதைகளும் அவ்வாண்டில் 'கலைமகள்' இதழில் வெளிவந்தன. பேயும், கல்லாய்க் கிடந்து எழுந்த அகலிகையும், கடவுளும் உலவும் இக்கதைகளை நோக்கித் தமிழ் விமர்சனம் பெரிதும் இரு வினாக்களையே எழுப்பியது. ஆசிரியர் இவற்றை நம்பினாரா என்பது ஒன்று. இவை எவற்றுக்குக் குறியீடு என்பது மற்றொன்று. இரண்டுமே மிகுபுனைவின் இயல்பைத் தவறவிடுகின்றன என்பதை இக்கட்டுரை அக்கதைகளைக் கொண்டே காட்ட முயல்கிறது. அச்சில் வந்த சிறுகதைக்கு மட்டுமன்றி வாய்மொழி மரபுக்கும் இப்பார்வையால் நேர்ந்த இழப்பை உணர்த்த, ஜவ்வாது மலையின் தோற்றக்கதை ஒன்றும் இறுதியில் ஆராயப்படுகிறது.

நம்பிக்கை பற்றிய வினா

'காஞ்சனை' வெளிவந்ததும், பேயில் நம்பிக்கை உண்டா எனத் தம்மிடம் கேட்கப்பட்டதைத் தொகுப்பின் முன்னுரையில் புதுமைப்பித்தனே குறிப்பிடுகிறார். பேய் இல்லை என்பதே தம் நம்பிக்கை, ஆயினும் அச்சம் இருக்கிறதே என்பது அவர் தந்த விடையின் சாரம். இதனை நகைச்சுவைத் துணுக்காக எடுத்தாள்வோரே மிகுதி. கதையின் கட்டுமானமே அவ்விடையில் அடங்கியிருப்பதைக் கண்டவர் குறைவு. கதைசொல்லி ஓர் எழுத்தாளன். சரடு திரித்துப் பிழைப்பவன் எனத் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்பவன். எனவே அவன் சாட்சியத்தை முழுதும் ஏற்க இயலாது. இரவில் எழும் நறுமணமும் பிணவாடையும் வாசகனையும் சூழ்ந்துகொள்வதால் அதனைத் தள்ளிவிடவும் இயலாது. இயற்கைக்கும் இயற்கை கடந்ததற்கும் இடைப்பட்ட தயக்கமே இவ்வகைப் புனைவின் உயிர் எனத் தொதரோவ் 1970இல் வரையறுத்தார். புதுமைப்பித்தனின் விடை அதற்கு 27 ஆண்டுகள் முந்தியது.

பின்வந்த ஆய்வுகளின் கவனம் வேறு திசைகளிலும் சென்றது. மாப்பசானைத் தழுவிய கதைகள் எவை என்னும் மூல ஆராய்ச்சி நெடுங்காலம் நீடித்தது. ரகுநாதன் தம் மறுப்பு நூலுக்கு விமர்சனங்களோடு 'விஷமத்தனங்க'ளையும் சேர்த்துப் பெயரிட்டதிலிருந்தே வாதத்தின் சூடு விளங்கும். ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பு (2000) கதைகளுக்குக் காலவரிசையும் திருந்திய பாடமும் தந்தது. மூலமும் பாடமும் தெளிந்தபின்னரும் வாசிப்பு பற்றிய சிக்கல் எஞ்சியே நிற்கிறது.

பாம்பும் பாம்பு போன்ற அணியும்

அச்சிக்கலைப் புதுமைப்பித்தன் கதைக்குள்ளேயே ஒரு காட்சியாக்கியிருக்கிறார். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கந்தசாமிப் பிள்ளையைச் சந்தித்து, அவர் வீட்டு விருந்தாளியாகும் கடவுள், பிழைப்புத் தேடித் தேவியுடன் ஒரு கலாமண்டலியில் ஆடிக்காட்டுகிறார். இடுப்பில் புலித்தோல், உடம்பில் உயிருள்ள பாம்பு. மண்டலியின் தலைவரான திவான் பகதூர் ஆட்டத்தை நிறுத்திவிடுகிறார். பாம்பைப் போன்ற அணியும் புலித்தோலைப் போன்ற பட்டும் உடுத்துவதே கலை. பார்வதி பரமேசுவரரே வந்து ஆடினாலும் இது சாத்திரத்துக்கு ஒவ்வாது என்பது அவர் தீர்ப்பு. ஆடுபவர் அவர்களே என்பது வாசகனுக்குத் தெரியும், தீர்ப்பளிப்பவருக்குத் தெரியாது.

இப்பகுதி சாத்திரியக் கலை மோகத்தின் மீதான அங்கதம் எனப்படுவதுண்டு. அது பொருந்தும், ஆயினும் போதாது. திவான் பகதூர் வேண்டுவது 'போல' என்னும் உவம உருபை. கதையில் வரும் கடவுளைச் 'சமயத்தின் குறியீடு' என்றும் பேயை 'அடங்கிய ஆசையின் வடிவம்' என்றும் உரைத்து அமைதியடையும் விமர்சகரும் வேண்டுவது அதுவே. அவருக்குப் பாம்பு ஆகாது. பாம்பு போன்ற அணியே ஆகும். கந்தசாமிப் பிள்ளையோ விருந்தாளி எதன் குறியீடு என ஆராயவில்லை. தம் சித்த வைத்திய இதழுக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். தமிழ் விமர்சகர் எவரினும் அவரே மேலான வாசகர் எனலாம். தம் கதைகளின் அருகே வைத்து விமர்சகர் அளப்பது அவர்தம் அளவுகோல்களையே என்று 'காஞ்சனை' முன்னுரை கூறுவதும் இக்காட்சியோடு சேர்த்து எண்ணத்தக்கது.

ஜவ்வாது மலைத் தோற்றக்கதை

ஜவ்வாது மலைவாழ் மலையாளிகளின் தோற்றக்கதையைத் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட குலங்கள் பற்றிய தொகுதிகளில் காணலாம். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளப் பெண்கள் எழுவரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஆடவர் எழுவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தமக்கு ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தில் பாதி நீந்திய நாய்கள் ஊர் திரும்பிவிட்டன. பகை முடித்து வந்தவர்களுக்குச் சடங்கு முடிந்திருந்தது. மனைவியர் கைம்பெண்டிர் ஆகியிருந்தனர். ஊர் ஏற்காத அவ்வெழுவரும் வேடப் பெண்களை மணந்து மலையேறினர்.

இனவரைவியல் இதனைக் குலத்தோற்றச் சான்றாக நிறுத்தி, உண்மையா பொய்யா என்று எடைபோட்டது. 'காஞ்சனை'யிடம் கேட்கப்பட்ட அதே வினா இது. கதையின் அச்சம் குடிபெயர்வில் இல்லை. உயிரோடு வாயிலில் நிற்கும் கணவனைவிட, தனியே திரும்பிய நாயை ஊர் நம்புகிறது. பேய் எதுவும் வராத இக்கதையில் எழுவரும் தம் வீட்டாருக்குப் பேயாகின்றனர். மெய்யான உடல் எதிரே நிற்க, சடங்கு அதனைச் செல்லாது என்கிறது. திவான் பகதூரின் மண்டபத்தில் மெய்யான பாம்பைச் சாத்திரம் செல்லாது என்றதைப் போல.