முதல் அடி ஆறட்டும்!

"தலையில லேசா பட்டதுதானே, என்ன ஆயிடப் போகுது?" என்கிறீர்களா? 1928-லேயே மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க டாக்டர், அடிக்கடி தலையில் குத்து வாங்கிய குத்துச்சண்டை வீரர்கள் நாளடைவில் தள்ளாடுவதைப் பற்றி எழுதினார்.

இந்தப் பாதிப்பு மனிதரிடம் தெரியப் பல வருடங்களாகும். சுண்டெலியின் ஆயுள் சுமார் 2 வருடம்தான். அதனால் ஆய்வுக்கு அது உதவுகிறது. 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினமும் அல்லது வாரந்தோறும் தலையில் அடிபட்ட எலிகளின் நினைவாற்றல் குறைந்தது. மாத இடைவெளி கிடைத்தவை தப்பின.

எலி மூளை வழவழப்பானது, நம்முடையதோ மடிப்பு மடிப்பானது. ஆகவே அந்த மாதக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. பாடம் பொருந்தும்: முதல் அடி ஆறும்முன் மறு அடி கூடாது.

தலையில் அடிபட்ட பிள்ளையை டாக்டர் சொல்லும்வரை விளையாட விடாதீர்கள். வாந்தி, மயக்கம் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.