ஓடாத உழவு இயந்திரத்தை விலைமதித்து விற்கும் முறை

நெல் விளையும் ஊர்களிற் பல வளவுகளில் ஓடாத உழவு இயந்திரமொன்று மரநிழலிலோ கொட்டிலிலோ நிற்பதைக் காணலாம். எஞ்சின் பழுதுற்றமையாலோ, திருத்துதற்குப் பணமின்மையாலோ, ஓட்டியவர் இறந்தமையாலோ அது அங்கு நின்றுவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின்போது இடம்பெயர்ந்த குடும்பங்களுட் சில, மீண்டு வந்தபோது தம் இயந்திரங்களைத் துருப்பிடித்த நிலையிலேயே கண்டன.

விதைநெல்லுக்கோ, பசளைக்கோ, அடகிலுள்ள நகையை மீட்பதற்கோ பணம் வேண்டிய நாளில் வீட்டாரின் பார்வை அவ்வியந்திரத்தின்மேற் செல்கின்றது. அந்நாளில் முதலில் வாயிலில் வந்து நிற்பவர் பழைய இரும்பு வாங்குபவரே. “ஓடாத சாமானுக்கு இரும்பு விலைதான்” என்பார் அவர். அவர் கூறுவது பொய்யன்று; ஆயினும் அது அவ்வியந்திரத்திற்குரிய மிகக் குறைந்த விலையாகும். ஓர் ஆயுட்கால உழைப்பால் வாங்கிய பொருளை ஒரே நாளில் மிகக் குறைந்த விலைக்குக் கைவிடாதிருத்தற்கு வேண்டிய முறைகள் கீழே கூறப்படுகின்றன.

1. மூன்று விலைகள்

ஓடாத இயந்திரம் ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைகள் உண்டு.

(அ) இரும்பு விலை: இது நிறையைக் கொண்டு கணிக்கப்படுவது. இவ்விலைக்குக் கீழ் எவ்வகையிலும் விற்றலாகாது.

(ஆ) உதிரிப்பாக விலை: கியர்ப் பெட்டி, பின் அச்சு, ஹைட்ரோலிக் பம்பு, சில்லுகள், ரயர்கள், எரிபொருட் பம்பு முதலியவற்றைத் தனித்தனியே விற்றாற் கிடைப்பது.

(இ) திருத்துவோர் விலை: அதே வகையான ஓடும் இயந்திரத்தின் விலையிலிருந்து திருத்தற் செலவையும், ஏற்றிச் செல்லுங் கூலியையும், வாங்குபவரின் உழைப்புக்கும் துணிவுக்குமுரிய பங்கையும் கழித்தபின் எஞ்சுவது.

இம்மூன்றையுங் கணித்த பின்னரே விலை பேசத் தொடங்குதல் வேண்டும்.

2. விலை கூறுமுன் பார்க்கவேண்டியவை

“ஓடாது” என்னும் ஒரு சொல் பல நிலைகளைக் குறிக்கும். எரிபொருட் குழாயிற் காற்றுப் புகுந்ததால் ஓடாத இயந்திரமும் உண்டு. எஞ்சின் உடைந்ததால் ஓடாததும் உண்டு. இரண்டும் ஒரே விலையினவல்ல. வாங்குபவர் தமக்குத் தெரியாததை மிகக் கெட்ட நிலையென்றே கணிப்பார். ஆதலின், உண்மை நிலையை அறிந்து காட்டுபவருக்கே நல்ல விலை கிடைக்கும்.

முதலாவதாக, எஞ்சின் சுழலுகின்றதா என்று பார்த்தல் வேண்டும். கியரை நடுநிலையில் வைத்து, எஞ்சினின் முன்புறக் கப்பியைத் திறப்பு கொண்டு கையாற் சுழற்றுதல் வேண்டும். சுழலாதாயின் எஞ்சின் இறுகியுள்ளது. புகைபோக்கி வழியே மழைநீர் புகுந்து சிலின்டரிற் துருப்பிடித்தல் இதற்குப் பொதுவான காரணமாகும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலின்டரினுள்ளும் சிறிது டீசலும் ஒயிலுங் கலந்து ஊற்றிச் சில நாட்கள் ஊறவிட்டு மீண்டும் மெல்லச் சுழற்றிப் பார்க்கலாம். பல எஞ்சின்கள் இவ்வாறு இளகுவதுண்டு. இறுகிய எஞ்சினை வேறோர் இயந்திரத்தாற் கட்டி இழுத்து ஓடச்செய்ய முயலுதல் கூடாது. பிஸ்டன் தண்டு வளைந்து எஞ்சின் முற்றாகக் கெட்டுவிடும்.

இரண்டாவதாக, ஒயில் அளவுக் கோலை எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒயில் பால் நிறமாயிருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. ஒயிலில் உலோகத் துகள்கள் மின்னினால் எஞ்சினின் உள்ளே தேய்வு உண்டு.

மூன்றாவதாக, இயந்திரத்தின் வகையை உறுதிசெய்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, மெசி பேர்குசன் 35 வகையில் முற்பட்டவை 4 சிலின்டர் ஸ்டாண்டர்ட் டீசல் எஞ்சினையும், 1959 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வந்தவை 3 சிலின்டர் பேர்க்கின்ஸ் எஞ்சினையும் உடையன. பிந்திய வகை எஞ்சினே மெசி பேர்குசன் 135, 240 ஆகியவற்றிலும் பொருத்தப்பட்டது. இவ்வின இயந்திரங்கள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நெடுங்காலமாக உற்பத்தி செய்யப்பட்டமையால் உதிரிப்பாகங்கள் எளிதிற் கிடைக்கின்றன. உதிரிப்பாகம் கிடைக்கும் இயந்திரம் வயது முதிர்ந்ததாயினும் விலைபோகும். கிடைக்காதது புதியதுபோலத் தோன்றினும் விலைபோவதரிது.

நான்காவதாக, எஞ்சின் இலக்கமும் அடிச்சட்ட இலக்கமும் பதிவுப் புத்தகத்திலுள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுதல் வேண்டும்.

3. கணக்கிடும் முறை

பின்வரும் தொகைகள் கணக்கின் வழியைக் காட்டுவதற்காக மட்டுமே இடப்பட்டவை. கமக்காரர் தத்தம் பகுதியில் அன்றைய விலைகளை விசாரித்து அவற்றின் இடத்தில் இடுதல் வேண்டும்.

இரும்பு விலை: ரயர்கள் நீக்கிய நிறை 1,300 கிலோ, கிலோ ஒன்று 100 ரூபா. மொத்தம் 130,000 ரூபா.

உதிரிப்பாக விலை: நல்ல பாகங்களின் மொத்தம் 420,000 ரூபா. கழற்றுங் கூலிக்கும் விலைபோகாதவற்றுக்கும் மூன்றிலொரு பங்கான 140,000 ரூபாவைக் கழிக்க, மீதி 280,000 ரூபா.

திருத்துவோர் விலை: ஓடும் இயந்திரத்தின் விலை 1,200,000 ரூபா. இதிலிருந்து திருத்தற் செலவு 550,000 ரூபா, லொறிக் கூலி 30,000 ரூபா, வாங்குபவரின் பங்கு 120,000 ரூபா ஆகியவற்றைக் கழிக்க, மீதி 500,000 ரூபா.

இக்கமக்காரர் 500,000 ரூபாவுக்குச் சற்று மேலே விலை கூறித் தொடங்கலாம். 280,000 ரூபாவுக்குக் கீழே இறங்க வேண்டியதில்லை. முதல் வந்தவருக்கே விற்றிருப்பின் அவர் கையிற் கிடைப்பது 130,000 ரூபா மட்டுமே. கணக்குப் பார்க்கச் செலவிட்ட இரண்டொரு நாட்களின் பயன் இதுவாகும்.

எடுத்துக்காட்டிற்கு மாறாகச் சில இயந்திரங்களில் திருத்தற் செலவு மிகுந்து, உதிரிப்பாக விலையே திருத்துவோர் விலையினும் உயர்ந்து நிற்கும். அவ்வாறாயின் அவ்வியந்திரம் உடைத்து விற்பதற்கே உரியது.

சில ஆண்டுகளுக்கு முன் அயலவர் விற்ற விலையை அளவாகக் கொள்ளுதல் தவறு. 2020 ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி பெரிதும் வீழ்ந்தது. 2025 ஆம் ஆண்டில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கியது. இத்தகைய மாற்றங்கள் பழைய இயந்திரத்தின் விலையையும் உதிரிப்பாக விலையையும் ஏற்றவும் இறக்கவும் வல்லன.

4. திருத்தி விற்பது நன்றா?

திருத்தற் செலவினும் விலையேற்றம் தெளிவாக மிகுந்திருந்தாலன்றிப் பெருந்திருத்தத்தில் இறங்கலாகாது. எஞ்சினைத் திறந்தபின் எதிர்பாராத செலவுகள் தோன்றுவது வழக்கம். பாதியில் பணம் முடிந்து, எஞ்சின் துண்டுதுண்டாகப் பெட்டிகளிற் கிடக்குமாயின் அதன் விலை முன்னிருந்ததினும் பெரிதும் வீழ்ந்துவிடும்.

சிறு செலவிற் செய்யத்தக்கவை சில உள. மண்ணையும் பழைய கிறீசையும் கழுவுதல், எரிபொருள் வடிகட்டியை மாற்றிக் காற்றை வெளியேற்றுதல், நல்ல பற்றரியை இரவலாகப் பெற்று முயன்று பார்த்தல், ரயர்களுக்குக் காற்றடித்தல், இறுகிய பிறேக்கை இளகச்செய்தல் என்பன அவை. உருண்டு செல்லும் இயந்திரத்தை எளிதில் லொறியில் ஏற்றலாம். உருளாததற்குப் பாரந்தூக்கி வேண்டும். அக்கூலியை வாங்குபவர் விலையிலேயே கழிப்பார்.

விற்கும்வரை புகைபோக்கியின் வாயைத் தகரப் பேணியால் மூடிவைத்தல் வேண்டும். அயலவர் கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக் கொடுத்தலும் கூடாது. ஹைட்ரோலிக் பம்பும் எரிபொருட் பம்பும் போய்விட்டால் எஞ்சியிருப்பது இரும்பே.

5. யாருக்கு, எப்போது விற்பது?

வாங்குவோர் நால்வகையினர்: இரும்பு வாங்குபவர், உடைத்து உதிரிப்பாகம் விற்பவர், திருத்தி விற்பவர், அதே வகை இயந்திரத்தை வைத்திருக்கும் கமக்காரர். கடைசி இருவகையினரே பெரும்பாலும் கூடிய விலை கொடுப்பர். ஆனால் அவர்கள் வாயிலுக்கு வருவதில்லை, தேடிச் செல்லுதல் வேண்டும். உதிரிப்பாகக் கடைகள், திருத்துமிடங்கள், கமக்காரர் அமைப்புக்கள் ஆகியவற்றில் அறிவித்தலும், கைத்தொலைபேசியிற் படமெடுத்து அனுப்புதலும் பயன் தரும். குறைந்தது மூவரிடம் விலை கேளாது முடிவு செய்தலாகாது.

காலபோக உழவுக்கு முந்திய ஆவணி, புரட்டாதி மாதங்களில் இயந்திரம் தேடுவோர் மிகுதி. அறுவடை முடிந்த காலத்தில் கமக்காரர் கையிற் பணம் இருக்கும். இவ்விரு காலங்களும் விற்பனைக்கு ஏற்றவை.

தெரிந்த பழுதை மறைத்தலாகாது. பழுதை முன்னரே கூறி விற்ற பொருளின்மேற் பின்னர் வழக்கு எழுவதரிது. இரும்பு விலைக்கே கொடுக்க நேரின், லொறி நிறுக்கும் தராசில் உரிமையாளரும் உடனிருந்து நிறுத்தல் வேண்டும்.

6. பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்தில் நிதிக் கம்பனியொன்றின் பெயர் பூரண உரிமையாளராகக் காணப்படின், கடன் தீர்ந்ததற்கான கடிதம் பெற்று அப்பெயரை நீக்கிய பின்னரே விற்றல் வேண்டும். உரிமையாளர் இறந்திருப்பின் உரித்தாளர் யாவரும் முதலில் ஒத்துக்கொள்ளுதல் வேண்டும்.

திகதியும் வாங்குபவர் பெயரும் இடாத படிவங்களிற் கையொப்பமிட்டுக் கொடுத்தல் பெருந் தீங்கு. அவ்வியந்திரம் பின்னர் பலர் கைமாறி, மணல் கடத்தலிலோ விபத்திலோ அகப்படுமாயின் விசாரணை பழைய உரிமையாளரின் வீட்டுக்கே வரும். பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, விலை என்பவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட்டுப் பிரதியொன்றை வைத்துக்கொண்டு, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தாமதமின்றி அறிவித்தல் வேண்டும். உடைக்கப்படும் இயந்திரமாயின் அதன் பதிவை நீக்குமாறு கேட்டல் வேண்டும். முழுப்பணமும் கைக்கு வருமுன் இயந்திரத்தை லொறியில் ஏற்றவிடலாகாது.

7. நீரிறைக்கும் இயந்திரங்கள்

தோட்டக் கமக்காரரிடமுள்ள பழுதான நீரிறைக்கும் இயந்திரங்களுக்கும் இம்முறையே பொருந்தும். எரிந்துபோன மின் மோட்டாரினுள் செப்புக் கம்பிச் சுருள் உண்டு. செம்பும் பித்தளையும் இரும்பினும் பன்மடங்கு விலையுடையன. அவற்றை இரும்போடு சேர்த்து நிறுத்துக் கொடுத்தல் நட்டம். எனினும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றி ஓடச்செய்யலாகுமா என்று முதலில் விசாரித்தல் நன்று.

சுருக்கம்

எஞ்சின் சுழலுகின்றதா என்று பார்க்க. மூன்று விலைகளையும் எழுதிக் கணிக்க. மூவரிடமாவது விலை கேட்க. வெறும் படிவத்திற் கையொப்பமிடாதிருக்க. இவை நான்கையுங் கைக்கொள்ளும் கமக்காரரின் பழைய இயந்திரம், ஓடாவிடினும் அடுத்த போகத்துக்கு வேண்டிய முதலை அவருக்குத் தரும்.